முப்பது அங்குலக் கொம்பு

போன ஜூன் மாதம் ஒரு விடியற்காலை. டெக்ஸாஸில் கெர்வில் ஊரிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரம் தள்ளி இருக்கும் ஒரு பண்ணை. நான்கு இரும்புக் கால்களில் நிற்கும் தகரப் பரணில், மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தேன். கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. சீடர் மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். 'கீங்க்' என்று ஒரே வெட்டு. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தச் சத்தத்தோடு நான் வளர்ந்தது தெப்பக்காட்டில். என் அப்பா முதுமலையில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவர். இருட்டினால் புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாக எங்கள் வீட்டுப் பக்கம் வந்துவிடும். மனிதர்கள் இருக்கும் இடத்தில் சிறுத்தையும் செந்நாயும் கொஞ்சம் தயங்கும் என்பது அவற்றுக்குத் தெரியும். நடுராத்திரியில் ஒரு மான் கத்தினால் அப்பா கண்ணைத் திறக்காமலே சொல்வார், "ஆத்துப்பக்கம். சிறுத்தை." காலையில் மாயாற்று மணலில் போய்ப் பார்ப்பேன். பல நாள் கால்தடம் இருக்கும்.

பரணில் இருந்தபடியே போனை எடுத்து அந்தக் கத்தலைப் பதிவு செய்தேன். அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஊரில் அப்போது சாயங்காலம். உடனே பதில் வந்தது: "புலியா, சிறுத்தையா?"

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சிங்கமும் புலியும் இல்லாத ஊர் இது. மலைச்சிங்கம் எனப்படும் பூமா எப்போதாவது ஒன்று வரும். காயோட்டி என்ற சின்ன ஓநாய் குட்டிகளைத் தூக்கும். அன்று காலை அந்த மான் கத்தியது காற்று திரும்பி என் வாசம் அதன் மூக்குக்குப் போனதால். நான் வேட்டைக்குப் போயிருக்கிறேன் என்பதை அப்பாவிடம் சொல்லியிருக்கவில்லை. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதலில் இந்த மான் இங்கே எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சான் அன்டோனியோவுக்குப் புதிதாக வரும் நம் ஊர்க்காரர்கள் வார இறுதியில் மலைநாட்டுப் பக்கம் காரில் போனால், சாலையோரத்தில் மேயும் கூட்டத்தைப் பார்த்து "ஐயோ, புள்ளிமான்!" என்று கத்தாமல் இருக்க மாட்டார்கள். மிருகக்காட்சிசாலையிலிருந்து தப்பியதோ என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி அப்படியொன்றும் தப்பில்லை. 1932இல் டெக்ஸாஸுக்குப் புள்ளிமானைக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் தெற்கே கிங் பண்ணையில் நீல்காய் என்ற இந்திய இரலையை விட்டார்கள். பிறகு உயிரியல் பூங்காக்களில் மிஞ்சிய வெளிமான், சிகா மான், ஃபாலோ மான் என்று பலதும் பண்ணைகளுக்குள் வந்தன. இங்கே புள்ளிமானைப் புள்ளிமான் என்று சொல்வதில்லை. ஆக்ஸிஸ் என்கிறார்கள். விலங்கியல் பெயரும் அதுதான்.

இந்த மலைநாடு, சுண்ணாம்புப் பாறைமேல் ஒரு சாண் மண் போர்த்திய பூமி. ஆடும் மாடும்தான் பிழைப்பு. 1950களில் ஏழு வருடம் மழை பொய்த்தது. பண்ணைக்காரர்கள் கடனில் மூழ்கினார்கள். அப்போதுதான் வெளிநாட்டு மான்களைக் காசு வாங்கிக்கொண்டு சுடவிடலாம் என்ற வழி பிடிபட்டது. 1880இல் தொடங்கிய ஒய்.ஓ. பண்ணை இதில் முன்னோடி. ஆட்டு ரோமத்தில் கிடைக்காத பணம் கொம்பில் கிடைத்தது. 1988 வாக்கில், வேலியை விட்டுத் தப்பித் தாமாகவே பெருகிய புள்ளிமான் கூட்டங்கள் 27 கவுண்டிகளில், நம் மாவட்டம் மாதிரியான பிரிவுகளில், இருந்தன. இன்று அந்த எல்லையெல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று.

சட்டம்தான் எனக்கு முதலில் விளங்கவே இல்லை. இந்த மண்ணின் சொந்த மான் வெள்ளைவால் மான். அது மாநில மக்களின் சொத்து. அதைச் சுடப் பருவம் உண்டு. ஆளுக்கு இத்தனை என்று கணக்கு உண்டு, சுட்டதும் கட்ட அடையாளச்சீட்டு உண்டு. அதன் கறியை விற்க முடியாது. புள்ளிமானுக்கு இது எதுவும் கிடையாது. வருடம் முழுக்கச் சுடலாம், எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். வேட்டை உரிமமும் நில உரிமையாளரின் சம்மதமும் இருந்தால் போதும். ஆய்வாளர் பார்த்து முத்திரை குத்தினால் கறியைக் கடையிலும் விற்கலாம். டெக்ஸாஸ் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தனியார் கையில் இருக்கிறது. ஆகவே நடைமுறையில் புள்ளிமான் என்பது வேலிக்குச் சொந்தக்காரர் வைத்த விலை. அவ்வளவுதான்.

முதுமலையில் ஒரு மான் செத்துக் கிடந்தால் அப்பா பஞ்சநாமா என்ற சாட்சி அறிக்கை எழுத ஆள் தேடுவார். கொம்பு உதிர்ந்து கிடந்தால்கூட எடுத்து ரேஞ்ச் ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். சின்ன வயதில் ஒருமுறை ஒரு கொம்பைப் பொறுக்கி வீட்டுக்கு எடுத்து வந்தேன். அதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் வெளுத்துப் போனதை இன்னும் மறக்கவில்லை. "சாமி, எடுத்த எடத்துலயே போட்டுட்டு வா. அப்பாவுக்கு வேலை போயிரும்." நான் திரும்பிப் போய் அதே மூங்கில் புதருக்கடியில் வைத்துவிட்டு வந்தேன்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை பண்ணை வரவேற்பறைச் சுவரில் பதினேழு புள்ளிமான் தலைகளைப் பார்த்தால் எப்படி இருக்கும்? எண்ணினேன், அதனால் தெரியும். எல்லாம் கழுத்து வரை பாடம் செய்தவை. கண்ணாடிக் கண்கள். கண்ணுக்குக் கீழே புள்ளிமானுக்கு ஒரு பிளவு மாதிரி சுரப்பி இருக்கும். கலைமான், அதாவது ஆண்மான், கோபத்தில் இருந்தாலோ பிணை என்ற பெண்மானைத் துரத்தினாலோ அது விரியும். சுவரில் இருந்த ஒரு தலையில் அந்தப் பிளவுக்குள் தூசி படிந்திருந்தது. விரலால் துடைத்தேன். பண்ணைக்காரர் அதைப் பார்த்து, "அது முப்பத்து நாலரை" என்றார்.

முப்பத்து நாலரை அங்குலம். இந்த ஊரில் புள்ளிமானைப் பற்றிய பேச்சு எதுவானாலும் கொம்பை அளக்கும் நாடாவில்தான் வந்து முடியும். கொம்பின் அடிக்குமிழிலிருந்து நாடாவை வைத்து, வெளிவளைவின் மேலேயே ஓட்டி நுனி வரை அளப்பார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று முனை: நெற்றிக்கு மேல் ஒன்று, உச்சியில் கவட்டையாக இரண்டு. முப்பது அங்குலம் இருந்தால் சுவரில் மாட்டத் தகுந்தது. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு என்றால் குரலே மாறிவிடும். நான் பார்த்த விலைப்பட்டியல்களில் நல்ல கலைமான் இரண்டாயிரம் டாலருக்கு மேல். கொம்பு நீள நீள மூவாயிரம், நாலாயிரம். பிணைமான் சில நூறு டாலர். அந்தப் பட்டியலின் கடைசி வரி அது.

இந்த நாடா எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் மலையிலும் அது ஓடியிருக்கிறது. நீலகிரியில் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் வெள்ளைக்காரர்கள் 1879லேயே தனிச்சட்டம் போட்டார்கள். கட்டுப்பாடில்லாமல் சுட்டதில் தங்களுக்கே எதுவும் மிஞ்சாது என்ற பயம் அவர்களுக்கு வந்திருந்தது. லண்டனில் விலங்குகளைப் பாடம் செய்து பேர் வாங்கிய ரோலண்ட் வார்டு, 1892இல் உலகத்து விலங்குகளின் கொம்பு அளவுகளைத் தொகுத்துப் பதிவேடாகவே போட்டார். ஊட்டி, குன்னூர் பங்களாக்களின் படிக்கட்டுச் சுவர்களில் இன்றும் பூச்சி அரித்த தலைகள் தொங்குகின்றன. அப்பாவின் தாத்தா அந்தத் துரைகளின் வேட்டைக்கு முன்னால் புதரை அடித்துக் கலைக்கப் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு நாள் முழுக்கப் புதர் அடித்தால் கூலியோடு கறியும் கொடுப்பார்களாம். துரைக்குத் தலை, அடித்தவனுக்குக் கறி. அந்தப் பங்கீடு டெக்ஸாஸிலும் அப்படியே இருக்கிறது. இங்கே என்னைக் கூட்டிப் போன பண்ணை வேலையாள், கலைமானைச் சுட வருகிறவர்களில் பாதிப்பேர் கறியை எடுத்துப் போவதில்லை, தனக்கும் தன் மச்சானுக்கும் அது போதும் என்றார்.

கொம்பு வேட்டைக்காரர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பழகியவரை பெரும்பாலும் நல்ல மனிதர்கள். அவர்கள் சொல்லும் ஒரு நியாயத்தை நானும் ஏற்கிறேன். வெளிமான் பாகிஸ்தானில் அற்றுப்போனபோது 1970களில் இங்கிருந்து கொண்டுபோய்த்தான் திரும்ப வளர்த்தார்கள். சஹாரா ஓரத்தில் வாழ்ந்த வாள்கொம்பு ஓரிக்ஸ் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் போன காலத்தில், டெக்ஸாஸ் பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் இருந்தது. 2016இல்தான் சாட் நாட்டில் அதை மறுபடி விட்டார்கள். இந்த விலங்குகளுக்கு விலை இருந்ததால்தான் வேலிக்குள் இடம் கிடைத்தது. மறுக்க முடியாது. ஆனால் புள்ளிமானுக்கு அந்த நியாயம் பொருந்தாது. அது இந்தியாவில் அழியவில்லை. கிண்டியில்கூட மேய்கிறது. டெக்ஸாஸ் அதைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

என் வழக்கு வேறு. "நாங்கள் சுடாவிட்டால் இதுகள் பெருகிவிடும்" என்று கொம்பு வேட்டைக்காரர்கள் சொல்கிறார்கள் இல்லையா, அந்த இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன். பத்துக் கலைமானைச் சுட்டாலும் மிஞ்சிய ஒரு கலைமான் அத்தனை பிணையையும் சினைப்படுத்திவிடும். அடுத்த வருடம் குட்டி குறையாது. கூட்டம் குறைய வேண்டுமென்றால் பிணையைச் சுட வேண்டும். பிணைக்குக் கொம்பில்லை. கொம்பில்லாததற்கு விலையில்லை. விலையில்லாததைத் தேடி யாரும் ஹூஸ்டனிலிருந்து ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வருவதில்லை. பண்ணைக்காரருக்கோ, பிணை என்பது அடுத்த முப்பது அங்குலத்தைப் பெற்றுத் தருவது. அதனால் அவர் அதைக் காப்பாற்றவே பார்ப்பார். சில இடங்களில் கொம்பு வளரப் புரதத்தீனியும் போடுகிறார்கள். வேட்டை, மான்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது என்பது உண்மைதான், ஆனால் எந்த வேட்டை என்று கேட்க வேண்டும். கொம்புக்கான வேட்டை கூட்டத்தை வளர்க்கிறது. கறிக்கான வேட்டைதான் குறைக்கிறது.

கூட்டம் பெருகினால் என்ன என்று கேட்கலாம். கெர் வனவிலங்கு மேலாண்மைப் பகுதியில் மாநில அரசே ஒரு சோதனை செய்து பார்த்தது. 96 ஏக்கர் வேலிக்குள் ஆறு வெள்ளைவால் மானையும் ஆறு சிகா மானையும் விட்டார்கள். சுமார் எட்டு வருடம் கழித்து உள்ளே 62 சிகா இருந்தன. வெள்ளைவால் ஒன்றுகூட இல்லை. யாரும் கடித்துக் கொல்லவில்லை. வெள்ளைவால் மானுக்குச் செடியும் தழையும் வேண்டும், புல்லைத் தின்று அதனால் பிழைக்க முடியாது. ஆசியாவிலிருந்து வந்த மான்கள் தழையையும் தின்னும், தழை தீர்ந்தால் புல்லுக்கு மாறிவிடும். பட்டினி என்று வந்தால் யார் முதலில் போவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புள்ளிமானை வைத்து அதே மாதிரி செய்து பார்த்ததிலும் வெள்ளைவால்தான் தேய்ந்தது. ஆற்றோரங்களில் இன்னும் மோசம். லானோ ஆற்றுக் கரையிலும் அதன் கிளைகளிலும் பீக்கான் என்ற கொட்டை காய்க்கும் கிழட்டு மரங்கள் நிற்கின்றன, கீழே ஒரு கன்று இல்லை. முளைத்ததையெல்லாம் மான் தின்றுவிடுகிறது. கரை பெயர்கிறது. அந்தமானிலும் இதே கதைதான். வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகப் புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டார்கள். புலியும் சிறுத்தையும் இல்லாத தீவுகளில் அது நீந்தி நீந்திப் பரவியது, இன்றுவரை அங்கே காட்டில் இளங்கன்று எழ விடாமல் மேய்கிறது.

தப்பு மானுடையது இல்லை. அதைச் சொல்லாமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது. 2021 பிப்ரவரியில் இங்கே பனிப்புயல் அடித்தபோது, மைனஸ் பத்துக்கும் கீழே போய் நாள்கணக்கில் ஐஸ் உருகவில்லை. எங்கள் வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. சாலை திறந்ததும் கெர்வில் பக்கம் போனேன். வேலியோரமாகப் புள்ளிமான்கள் கிடந்தன. ஒரு சரிவில் பதினொன்று, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, குளிருக்கு ஒட்டிக்கொண்டு படுத்த மாதிரியே செத்திருந்தன. புள்ளிகள்மேல் ஐஸ் பளபளத்தது. உடம்பில் கொழுப்புச் சேர்த்து வைக்கத் தெரியாத வெப்பநாட்டு விலங்கு. அதே காட்டில் வெள்ளைவால் மான்கள் பெரும்பாலும் தப்பித்துவிட்டன. குளிர்காலம் வருமென்று அவற்றின் உடம்புக்குத் தெரியும். புள்ளிமானின் உடம்பு தொண்ணூறு வருடம் கழிந்தும் இந்தியாவில்தான் இருக்கிறது. இங்கே அதன் கொம்பு விழுவதற்கும் முளைப்பதற்கும்கூட ஒரே பருவம் கிடையாது. ஒரே கூட்டத்தில் ஒன்று முற்றிய கொம்போடு நிற்கும், இன்னொன்றின் கொம்பு மென்தோல் போர்த்தியிருக்கும், மூன்றாவது மொட்டைத்தலை. வேட்டை வியாபாரத்துக்கு அது வசதியாகப் போயிற்று.

அந்தச் சரிவைப் பார்த்த பிறகுதான் இரண்டு வருடம் யோசித்து நான் உரிமம் எடுத்தேன். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்ஸாஸில் வேட்டைக்கல்வி வகுப்பு முடித்தாக வேண்டும், முடித்தேன். துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் ஒரு வருடம் காகிதத்தை மட்டும் சுட்டேன். காயப்படுத்திவிட்டுத் தேடி அலையக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். அப்பாவின் கூடவே போய்ச் சுருக்குக் கம்பியில் மாட்டிய மானைப் பார்த்தவன் நான். பைக்கின் கிளட்ச் கேபிளில் சுருக்குப் போட்டுப் புதர்ச் சந்தில் கட்டியிருப்பார்கள். ஒரு பிணைமான் அதில் இரண்டு நாள் சுற்றியிருந்தது. கழுத்து அறுபட்டு, அது மிதித்த இடமெல்லாம் வட்டமாகப் புல் செத்திருந்தது. அப்பா கம்பியை வெட்டி எடுத்து, கையில் சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. அப்படி அவர் எடுத்த கம்பிகள் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு சாக்கு நிறைய இருந்தன.

ஜூன் மாதக் காலைக்குத் திரும்புகிறேன். கத்தல் அடங்கி அரை மணி நேரம் கழித்துக் கூட்டம் வெளியே வந்தது. முதலில் ஒரு கிழப்பிணை, முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. பின்னால் பதினான்கு. கடைசியில் ஒரு கலைமான். எனக்கு அளக்கத் தெரியாது, ஆனாலும் நாக்கு உலர்ந்துவிட்டது. அதன் கழுத்து இருண்டு, தொண்டையில் அந்த வெள்ளைத் திட்டு பளிச்சென்று, கொம்பு பின்னால் சாய்ந்து மேலே விரிந்து நின்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த வேலையாள் என் காதோடு சொன்னார், "முப்பத்து மூன்று. நீ கேட்டது பிணைதானே?" ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குறையாக இல்லை, வியப்பாக.

குட்டி ஒட்டாத ஒரு பிணையைக் காட்டினார். தொண்ணூறு கெஜம். தோளுக்குப் பின்னால் குறிவைத்தேன். அது நாற்பது அடி ஓடி, கால் மடங்கி விழுந்தது. நான் இறங்கிப் போனபோது கண் திறந்தபடி இருந்தது. முதுகின் கரிய கோட்டுக்கு இருபுறமும் புள்ளிகள் இரண்டு வரிசையாக ஒழுங்காக ஓடின, ஊசியில் தைத்த மாதிரி. நான் அதன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மண்டியிட்டிருந்தேன். வேலையாள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார், அவசரப்படுத்தவில்லை.

ஆனால் அவசரம் இருந்தது. இங்கே வெள்ளைவால் மான் வேட்டை குளிர்காலத்தில், இரவு முழுக்கத் தொங்கவிடலாம். புள்ளிமானைக் கோடையில் சுட்டால் ஒன்பது மணிக்குள் வெயில் ஏறிவிடும், கறி கெட்டுவிடும். அடிவயிற்றில் கத்தியை மேல்நோக்கிப் பிடித்து, குடலைக் குத்திவிடாமல் கீறி, மொத்தமாக வெளியே இழுத்தோம். மூன்று பை ஐஸை வயிற்றுக்குள் அடைத்தோம். பிறகு கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டு உரித்தோம். சூடு ஆறுமுன் உரித்தால் தோல் பின்னங்காலிலிருந்து சட்டை கழற்றுவது போல வரும், கத்தியைவிட முஷ்டிக்குத்தான் வேலை. எலும்பு நீக்கிப் பதினாறு கிலோ கிடைத்தது.

ஆட்டுக்கறி பழகியவர்களுக்கு மான்கறியில் முதலில் ஏமாற்றம்தான் வரும். கொழுப்பே கிடையாது. நம் வழக்கப்படி எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு ஆறு விசில் விட்டால் தொடைக்கறி நாராகிவிடும். முதுகுத்தண்டின் இருபுறமும் ஓடும் நீளக்கறியை, மேலே இருக்கும் வெள்ளைச் சவ்வைச் சுத்தமாக எடுத்துவிட்டு, உப்பும் இடித்த மிளகும் தடவி, காய்ந்த தோசைக்கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம், அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்புக்கறிக்குத்தான் குக்கர். சின்ன வெங்காயம், மல்லி, வறுத்து அரைத்த தேங்காய், எட்டு விசில். ஜவ்வெல்லாம் கரைந்து குழம்பு கெட்டியாக வரும். இந்தப் பக்கத்து ஜெர்மன் வம்சாவளிக்காரர்கள் பன்றிக் கொழுப்பைச் சேர்த்து அரைத்துப் புகைபோட்ட சாசேஜ் செய்கிறார்கள், கொழுப்பில்லாத கறிக்கு அதுவும் சரியான வழி. இன்கிரம் என்ற ஊரில் 1983 முதல் ஒரு நிறுவனம் கறிக்காகவே இந்த மான்களைச் சுட்டு உணவகங்களுக்கு விற்கிறது. குறிபார்த்துச் சுடத் தெரிந்தவர்கள் தூரத்திலிருந்து சுடுவார்கள், கூடவே ஒரு வண்டியில் அரசு ஆய்வாளரும் வெட்டும் ஆட்களும் இருப்பார்கள். கொம்பை யாரும் அங்கே அளப்பதில்லை. இந்தத் தொழில் இன்னும் நன்றாக நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டேன். சொல்லிவிட்டேன். போனில் நீண்ட நேரம் சத்தமில்லை. பின்னால் அம்மா "என்னங்க, என்ன சொல்றான்?" என்று கேட்பது மட்டும் கேட்டது.

அப்புறம் அப்பா கேட்டார், "பொட்டையா, கொம்பா?"

"பொட்டைப்பா."

"செனையா இருந்துச்சா?"

"இல்லைப்பா."

"பாத்தியா?"

"பாத்தேன். வயித்தைத் தொறந்தப்ப முதல்ல அதைத்தான் பாத்தேன். மடியும் காஞ்சிருந்துச்சு."

"ம்."

கறியைத் தின்றோமா என்று கேட்டார். தின்றோம், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம் என்றேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. புலி இல்லாத ஊரிலும் மான் அதே மாதிரிதான் கத்துதா என்று மட்டும், இரண்டு நாள் கழித்து, அவராகவே கூப்பிட்டுக் கேட்டார். அதே மாதிரிதான் என்றேன். பதிவை மறுபடி இரண்டு தடவை கேட்டதாகச் சொன்னார்.

அக்டோபரில் அந்தப் பண்ணைக்கு மறுபடி போனேன், துப்பாக்கி இல்லாமல். பண்ணைக்காரர் ஆற்றோரத்தில் நாற்பது பீக்கான் கன்றுகள் நட்டிருந்தார். மான் எட்டாதபடி ஒவ்வொன்றையும் சுற்றி ஐந்தடிக் கம்பிவலைக் கூண்டு கட்ட வேண்டியிருந்தது. பிணைமான் விலையை அடுத்த வருடம் பாதியாகக் குறைக்கப் போவதாகவும், இரண்டு பிணை சுடுகிறவருக்குத்தான் ஒரு கலைமான் என்று வைக்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். வையுங்கள் என்றேன். வலையை வெட்டி வளைத்து முதல் கூண்டைக் கட்டி முடித்ததும் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஊரில் அப்போது ராத்திரி பத்து மணி இருக்கும், விழித்திருந்தார். உடனே கூப்பிட்டார்.

"கட்டுனது சரி. கம்பி முனையெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது பாரு. உள்பக்கமா மடக்கி விடு. எட்டித் திங்க வர்ற மானுக்கு வாய் கிழிஞ்சிரும்."

குறடை எடுத்துக்கொண்டு திரும்ப முதல் கூண்டுக்குப் போனேன்.